கிராஷ் சிம்பல்களின் ஒலியையும் சீர்மையையும் ஒப்பிட்டுத் தேர்வது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டிரம்ஸ் தொகுப்பில், குச்சியால் அடித்ததும் வெடித்துப் பரவும் ஒலியைத் தரும் வட்ட உலோகத் தட்டுதான் கிராஷ் சிம்பல். ஒரே நிறுவனம், ஒரே வரிசை (நிறுவனம் ஒரு பெயரில் வெளியிடும் தொடர்), ஒரே அளவு என்று எல்லாம் ஒத்திருக்கும் இரண்டு கிராஷ் சிம்பல்களை அடுத்தடுத்து மாட்டி அடித்துப் பார்த்தால், இரண்டும் அச்சு மாறாமல் ஒரே ஒலியைத் தருவது அரிது. ஒன்று சற்றுத் தாழ்ந்த சுருதியில் விரிந்து மெல்ல அடங்கும். மற்றொன்று உயர்ந்த சுருதியில் வெடித்து நெடுநேரம் ஒலித்துக்கொண்டிருக்கும். டிரம்ஸ் கற்கத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரையும் வரிசையின் பெயரையும் பார்த்தே தேர்வை முடித்துவிடுகிறார்கள். நெடுநாள் வாசித்தவர்களோ, பெயரைப் பார்த்துக் கடைக்குள் நுழைந்தாலும், கையில் எடுக்கும் அந்தக் குறிப்பிட்ட தட்டைக் கேட்ட பிறகே முடிவெடுக்கிறார்கள். அவர்கள் எதைக் கேட்கிறார்கள், எந்த வரிசையில் கேட்கிறார்கள் என்பதைப் புதியவர்களும் பின்பற்றக்கூடிய வகையில் இங்கே விளக்க முயல்கிறேன்.

சீர்மையை இரண்டு இடங்களில் சோதிக்க வேண்டியிருக்கிறது. ஒரே மாதிரியைச் சேர்ந்த தட்டுகள் தமக்குள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பது முதலாவது. ஒரே தட்டு, அடிக்கு அடி, பக்கத்துக்குப் பக்கம், எவ்வளவு ஒரே விதமாகப் பதிலளிக்கிறது என்பது இரண்டாவது. முதலாவது, உடைந்தால் மாற்று வாங்கும்போதும், கேட்டுப் பார்க்காமல் இணையத்தில் வாங்கும்போதும் முக்கியமாகிறது. இரண்டாவது ஒவ்வொரு நாளும் வாசிக்கும்போது முக்கியமாகிறது. புதியவர்கள் முதலாவதைப் பற்றியே அதிகம் கவலைப்படுகிறார்கள். என் கருத்தில் இரண்டாவதுக்குத்தான் முதலிடம் தர வேண்டும்.

முதலில் எடையைப் பாருங்கள்

சிம்பலின் ஒலியைத் தீர்மானிப்பவை பல: விட்டம், எடை, வளைவின் உயரம், நடுவிலுள்ள குமிழின் அளவு, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி உலோகம் மெலியும் விதம், சுத்தியலால் அடித்த தடங்கள், கடைசல் இயந்திரம் செதுக்கிய வரிகள், உலோகக் கலவை ஆகியவை எல்லாம் அதில் பங்கு பெறுகின்றன. இவற்றுள் எவரும் எளிதாக அளக்கக்கூடியவை விட்டமும் எடையும் மட்டுமே. விட்டம் தட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். எடை பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்காது என்றாலும், ஒரு கிராம் துல்லியம் காட்டும் சமையலறைத் தராசு இருந்தால் நீங்களே எடுத்துவிடலாம்.

கிராஷ் சிம்பல்கள் பொதுவாக 14 முதல் 20 அங்குலம் வரை கிடைக்கின்றன. 16, 18 அங்குலங்கள் மிகுதியாகப் பயன்படுகின்றன. 16 அங்குலத் தட்டு ஏறத்தாழ 900 முதல் 1000 கிராம் வரை இருந்தால் மெல்லியது என்றும், 1000 முதல் 1150 கிராம் வரை இருந்தால் நடுத்தர மெல்லியது என்றும் கொள்ளலாம். 18 அங்குலத்தில் சுமார் 1250 முதல் 1400 கிராம் வரை மெல்லியது. அதற்கு மேல் 1550 கிராம் வரை நடுத்தர மெல்லியது. அதையும் தாண்டினால் கனமான ராக் வகையை நோக்கிச் செல்கிறது. இந்த எல்லைகள் தோராயமானவை. ஒரு நிறுவனம் 'தின்' (மெல்லியது) என்று முத்திரை குத்தும் தட்டு, மற்றொரு நிறுவனத்தின் 'மீடியம் தின்' (நடுத்தர மெல்லியது) தட்டைவிடக் கனமாக இருப்பதும் உண்டு. ஆகவே, முத்திரையில் உள்ள சொல்லைவிடத் தராசு காட்டும் எண்ணையே நம்புவது நல்லது.

விட்டமும் வளைவும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்போது, எடை குறைந்த தட்டின் சுருதி தாழ்ந்திருக்கும். அது எளிதில் விரியும், விரைவில் அடங்கும். எடை கூடினால் சுருதி ஏறும், முழுமையாக விரிவதற்கு வலுவான அடி தேவைப்படும், ஒலியின் அளவும் நீட்சியும் மிகும். 20, 30 கிராம் வேறுபாட்டைக் காது பெரும்பாலும் கண்டுகொள்ளாது. 18 அங்குலத்தில் 100 கிராமைத் தாண்டிய வேறுபாட்டைப் புதியவர்களும் உணர்ந்துகொள்வார்கள். ஒரே மாதிரியைச் சேர்ந்த இரண்டு தட்டுகளிடையே அத்தகைய வேறுபாடு இருப்பது வியப்புக்குரியதும் அல்ல.

தட்டுக்குத் தட்டு வேறுபாடு ஏன் வருகிறது

சிம்பல்களுக்குரிய வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது. பி20 எனப்படும் கலவையில் 80 விழுக்காடு செம்பும் 20 விழுக்காடு வெள்ளீயமும் உள்ளன. பி8 கலவையில் வெள்ளீயம் 8 விழுக்காடு மட்டுமே. பி20 நொறுங்கும் இயல்புடையது. அதனால் உலோகத்தை உருக்கி, சிறு வட்டக் கட்டிகளாக வார்த்து, உலையில் மீண்டும் மீண்டும் காய்ச்சி உருளைகளுக்கிடையே விட்டுத் தகடாக்கி, பிறகு நீரில் அமிழ்த்திப் பதப்படுத்துகிறார்கள். அதன் பின்னர் சுத்தியலால் அடித்து வடிவமும் இறுக்கமும் தந்து, கடைசலில் மேற்பரப்பைச் செதுக்குகிறார்கள். ஒவ்வொரு படியிலும் சிறு வேறுபாடு சேர்கிறது: கட்டி சற்றுக் கனமாக அமையலாம், சுத்தியல் ஓரிடத்தில் ஆழமாக விழலாம், கடைசல் செய்பவர் ஒரு சுற்று கூடுதலாகச் செதுக்கிவிடலாம். கையால் சுத்தியலடிக்கும் தட்டுகளில் இந்த வேறுபாடு மிகும். கணினி வழிநடத்தும் சுத்தியல்களில் குறையும்.

பி8 தட்டுகள் பெரும்பாலும் ஆலையில் உருட்டப்பட்டு ஒரே கனத்தில் வரும் தகட்டிலிருந்து வட்டமாக வெட்டியெடுக்கப்படுகின்றன. தொடக்கப் பொருளே சீராக இருப்பதால் முடிவுகளும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. பி8 என்றாலே பயிற்சிக்கான மலிவுத் தட்டு என்ற எண்ணம் புதியவர்களிடையே பரவலாக உள்ளது. தொடக்க நிலைத் தட்டுகள் பலவற்றில் அந்தக் கலவை பயன்படுவது உண்மைதான். ஆனால் சுவிட்சர்லாந்தின் பைஸ்டி நிறுவனம் 1971இல் அறிமுகப்படுத்திய, '2002' என்று பெயரிடப்பட்ட வரிசையும் பி8 வெண்கலத்தால் ஆனதே. ராக் இசையின் பெரிய மேடைகளில் பல பத்தாண்டுகளாக ஒலித்துவரும் வரிசை அது. கலவை எது என்பதோடு, அதை எவ்வளவு உழைப்புடன் சுத்தியலடித்துச் செதுக்கினார்கள் என்பதும் தட்டின் தரத்தைத் தீர்மானிக்கிறது. பித்தளைத் தட்டுகளைப் பற்றி மட்டும் தயக்கமின்றிச் சொல்லலாம்: பழகுவதற்கு உதவும், ஒப்பிட்டு ஆராயும் அளவுக்கு அவற்றில் பெரும்பாலும் ஒன்றும் இராது.

1623இல் கான்ஸ்டாண்டினோப்பிளில் தொடங்கிய ஜில்ஜியன், அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ராபர்ட் ஜில்ஜியன் 1981இல் கனடாவில் தொடங்கிய சேபியன், ஜெர்மனியின் மைனல், துருக்கியின் கைவினைப் பட்டறைகள் ஆகிய எல்லோரிடமும் சீர்மை மிகுந்த வரிசைகளும் உண்டு, ஒவ்வொரு தட்டும் தனிக் குணத்துடன் வரும் வரிசைகளும் உண்டு. நிறுவனத்துக்கு நிறுவனம் ஒப்பிடுவதைவிட, வரிசைக்கு வரிசை ஒப்பிடுவதே பயன் தரும்.

ஒப்பிடும் சூழலைச் சமப்படுத்துங்கள்

இரண்டு தட்டுகளை ஒப்பிடும்போது தட்டைத் தவிர வேறு எதுவும் மாறக்கூடாது. இதைச் சொல்வது எளிது. ஆனால் பெரும்பாலான ஒப்பீடுகள் பிழைபடுவது இங்கேதான். ஒரு தட்டு இறுக்கமாகத் திருகப்பட்ட ஸ்டாண்டிலும், மற்றொன்று தளர்வான ஸ்டாண்டிலும் இருந்தால், கேட்பவர் ஒப்பிடுவது திருகுகளையே.

ஒரே ஸ்டாண்டில், ஒரே உயரத்தில், ஒரே சாய்வில் தட்டுகளை மாற்றி மாற்றி மாட்டுங்கள். கம்பியைச் சுற்றி பிளாஸ்டிக் உறை இருக்க வேண்டும். தட்டுக்குக் கீழும் மேலும் ஃபெல்ட் வளையங்கள் இருக்க வேண்டும். மேல் திருகாணியை, தட்டு விரல் தொட்டாலே அசைந்தாடும் அளவுக்குத் தளர்த்தி வையுங்கள். அடித்த பிறகு தட்டு தடையின்றி ஊசலாடி நிலைக்கு வர வேண்டும். திருகாணி இறுகினால் நீட்சி குறையும், ஒலி சுருங்கும். அடியின் அதிர்ச்சி வெளியேற வழியில்லாமல் தட்டு விரிசல் விடும் வாய்ப்பும் கூடும்.

நீங்கள் வழக்கமாக வாசிக்கும் குச்சிகளையே பயன்படுத்துங்கள். கடையில் கிடைக்கும் குச்சி உங்களுடையதைவிடக் கனமாக இருந்தால், கனமான தட்டுகூட எளிதில் விரிவதுபோல் தோன்றும். சுற்றிலும் வேறு சிம்பல்கள் தொங்கினால் அவையும் சேர்ந்து மெல்ல ஒலிக்கும். அந்தக் கூட்டொலியை உங்கள் தட்டின் நீட்சி என்று எண்ணிவிடுவது எளிது. முடிந்தால் மற்றவற்றின்மேல் துணியைப் போடுங்கள், அல்லது ஓர் ஓரமாக நகர்ந்து அடியுங்கள். ஸ்நேர் டிரம் அருகில் இருந்தால் அதன் அடிக்கம்பிகளைத் தளர்த்திவிடுங்கள். ஒவ்வொரு கிராஷுக்கும் அது சரசரத்துக் காதைக் குழப்பும்.

ஒரு நேரத்தில் மூன்று தட்டுகளுக்கு மேல் ஒப்பிட வேண்டாம். நான்காவது தட்டுக்கு வரும்போது முதலாவதன் நினைவு மங்கியிருக்கும். பல தட்டுகள் இருந்தால் இரண்டிரண்டாக ஒப்பிட்டு, பின்தங்கியதை விலக்கி, வென்றதை அடுத்ததோடு சேர்த்துக் கேளுங்கள்.

மென்மையிலிருந்து தொடங்குங்கள்

கடைக்குள் வந்ததும் புதியவர்கள் செய்யும் முதல் செயல், முழு வலுவுடன் ஓர் அடி. அந்த அடியில் ஏறக்குறைய எல்லாத் தட்டுகளும் நன்றாகவே ஒலிக்கும். அதோடு காதும் களைத்துவிடும். எனவே வரிசையைத் திருப்பிவிடுங்கள்.

முதலில் குச்சியின் நுனியால், விளிம்பிலிருந்து மூன்று, நான்கு அங்குலம் உள்ளே, மிக மென்மையாகத் தட்டுங்கள். இங்கே கேட்க வேண்டியது தட்டின் அடிப்படைச் சுருதியும் அதன் நிறமும், அதாவது ஒலியின் தனித்தன்மையும். ஒரே ஒரு சுருதி மணிபோல் துருத்திக்கொண்டு நின்றால், அது பாட்டின் சுருதியோடு மோதக்கூடும். பல சுருதிகள் கலந்து எது மேலோங்கியது என்று சொல்ல முடியாமல் இருந்தால், அந்தத் தட்டு எந்தப் பாட்டிலும் எளிதாக இழையும். கிராஷுக்கு நான் விரும்புவது இந்த இரண்டாவது வகை.

அடுத்து, குச்சியின் தோள்பகுதியால் (நுனிக்குச் சற்றுக் கீழே தடிக்கும் பகுதி) விளிம்பில் மென்மையாக ஒரு கிராஷ் அடியுங்கள். குச்சி தட்டுக்கு நேர் எதிராக இடிக்கக்கூடாது. விளிம்பைச் சற்றுச் சாய்வாகத் தொட்டு வழுக்கிச் செல்ல வேண்டும். இந்த மென்மையான அடிக்குத் தட்டு விரிகிறதா, அல்லது 'டிங்' என்று ஒலித்துவிட்டு நின்றுவிடுகிறதா என்று கவனியுங்கள். ஒப்பீடு முழுவதிலும் அதிகச் செய்தி தரும் அடி இதுதான் என்பேன்.

அதற்குக் காரணம் தட்டின் இயற்பியலில் இருக்கிறது. அடி விழுந்த முதல் சில மில்லி விநாடிகளில் ஏறத்தாழ ஒரு கிலோஹெர்ட்ஸும் அதற்குக் கீழும் உள்ள தாழ்ந்த அதிர்வுகளே ஓங்கியிருக்கும். அந்த அசைவு போதிய அளவுக்குப் பெரிதாக இருந்தால், ஆற்றல் மேல்நோக்கிப் பரவி, சுமார் 50 முதல் 100 மில்லி விநாடிக்குள் 3 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரையான பகுதியில் பளபளப்பான இரைச்சலாக எழும். நாம் 'கிராஷ்' என்று அடையாளம் காண்பது இந்த எழுச்சியைத்தான். அசைவு ஓர் எல்லையைத் தாண்டாவிட்டால் அந்தப் பரவல் நிகழாது. தட்டு மணிபோல் ஒலித்து ஓய்ந்துவிடும். மெல்லிய தட்டு எளிதில் வளைவதால் சிறிய அடியிலேயே அந்த எல்லையைத் தாண்டுகிறது. கனமான தட்டுக்கு வலுவான கை வேண்டும்.

1320 கிராம் எடையுள்ள ஒரு 18 அங்குலத் தட்டையும், 1560 கிராம் எடையுள்ள மற்றொரு 18 அங்குலத் தட்டையும் இப்படி ஒப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். மென்மையான அடியில் முதலாவது 'ஷ்ஷ்' என்று பரவி ஓரிரு விநாடிகளில் பின்வாங்கும். இரண்டாவதில் குச்சி பட்ட ஓசையும் ஒரு நீண்ட ரீங்காரமும் மட்டுமே கேட்கும். நடுத்தர அடியில் இரண்டும் விரியும் என்றாலும், இரண்டாவது ஒரு நொடி தயங்கி விரிவதுபோல் தோன்றும். முழு வலுவில் நிலைமை மாறிவிடும்: முதலாவது தன் உச்சத்தை அடைந்துவிட்டதால், மேலும் ஓங்கி அடித்தாலும் ஒலி கூடாமல் கரகரப்பு மட்டும் கூடும், இரண்டாவதோ இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கும். மின்கிட்டார்கள் முழங்கும் மேடையில் இரண்டாவது தட்டு தேவைப்படலாம். சிறிய அறையில் பயிற்சி செய்பவருக்கும், பாடகரோடு மென்மையாக வாசிப்பவருக்கும் முதலாவதே பொருந்தும்.

மென்மை, நடுத்தரம், வலு என்று மூன்று நிலைகளிலும் ஒவ்வொரு தட்டையும் கேட்ட பிறகு, ஒவ்வொரு முறையும் ஒலி முற்றிலும் அடங்கும் வரை காத்திருங்கள். நீட்சியின் அளவு மட்டுமல்லாமல் அது அடங்கும் விதமும் முக்கியம். நல்ல தட்டில் உயர்ந்த ஒலிகள் முதலில் மறைந்து தாழ்ந்த ஒலி கடைசியில் வழுவழுப்பாகத் தேயும். சில தட்டுகளில் அடங்கும் வேளையில் 'வாவ்... வாவ்' என்று ஏறி இறங்கும் அலை கேட்கும். தனியாகக் கேட்கையில் அது அழகாக இருந்தாலும், ஒலிப்பதிவில் உறுத்தும்.

ஒரே தட்டின் சீர்மையைச் சோதியுங்கள்

இந்தச் சோதனையைக் கடையில் செய்பவர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். தட்டை மாட்டி, நிறுவன முத்திரை உள்ள பக்கத்தில் நடுத்தர வலுவுடன் ஓர் அடி அடியுங்கள். தட்டைக் கால் சுற்று திருப்பி அதே வலுவில் அடியுங்கள். இவ்வாறு நான்கு பக்கங்களிலும் அடித்து முடித்ததும், மீண்டும் முதல் பக்கத்துக்கு வாருங்கள். சீரான தட்டில் நான்கு அடிகளும் ஒரே குடும்பத்து ஒலிகளாக இருக்கும். சுத்தியலடி சமமில்லாத தட்டில் ஒரு பக்கம் மந்தமாகவும், எதிர்ப்பக்கம் கூர்மையாகவும் ஒலிக்கலாம்.

வேறுபாடு கேட்டால், அது தட்டிலா கையிலா என்பதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். அதே பக்கத்தில் எட்டு அடிகளை மெட்ரோனோம் (சீரான துடிப்பு தரும் தாளக்கருவி) வேகம் 60இல், நான்கு துடிப்புக்கு ஒன்றாக அடித்துப் பாருங்கள். அந்த எட்டும் தமக்குள் மாறுபட்டால், தட்டைக் குறை சொல்வதற்கு முன் கையைப் பழக்க வேண்டும். இந்தப் பயிற்சியே ஒரு பயன்தான்: அடியின் கோணமும் உயரமும் சீராகும் வரை எந்த ஒப்பீடும் நம்பத்தக்கதாக இராது.

பெரும்பாலான தட்டுகளில் ஒரு பக்கம் இம்மியளவு கனமாக இருக்கும். ஸ்டாண்டு சாய்வாக இருந்தால், வாசிக்க வாசிக்கத் தட்டு சுழன்று அந்தக் கனமான பக்கம் கீழே வந்து தங்கிவிடும். முத்திரை எப்போதும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறதென்றால் அதற்கு இதுவே காரணம். இது குறைபாடு ஆகாது. ஆனால் குச்சி எப்போதும் ஒரே இடத்தில்தான் விழும் என்பதால், தட்டைத் தானாகச் சுழன்று நிற்கவிட்டு, நிற்கும் இடத்தில் உள்ள ஒலியே உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மீட்சியையும் சோதிக்க வேண்டும். இரண்டு அடிகளை அடுத்தடுத்து, பிறகு நான்கு அடிகளை வேகமாக அடியுங்கள். சில தட்டுகளில் முதல் அடியின் இரைச்சலுக்குள் இரண்டாவது அடி மூழ்கிவிடும். சிலவற்றில் நான்கும் தனித்தனியாகத் தெளியும். தொடர்ந்து கிராஷின் மேலேயே தாளம் வாசிக்கும் பாணி உங்களுடையது என்றால், எட்டுத் துடிப்புகளுக்கு அப்படி வாசித்துப் பாருங்கள்: ஒலி ஓர் அளவில் நிலைத்து நிற்க வேண்டும், ஏறிக்கொண்டே போய் எல்லாவற்றையும் மூடிவிடக்கூடாது. கடைசியாக, அடித்த உடனே விளிம்பைக் கையால் பற்றி ஒலியை நிறுத்திப் பாருங்கள். மெல்லிய தட்டு உடனே அடங்கும். கனமான தட்டில் விரல்களுக்கிடையே ஒலி மிச்சம் நிற்கும்.

தொலைவிலிருந்து கேளுங்கள், பதிவு செய்யுங்கள்

வாசிப்பவரின் காது தட்டிலிருந்து இரண்டு, மூன்று அடி தொலைவில் இருக்கிறது. கேட்பவர்களோ மீட்டர் கணக்கில் தள்ளி அமர்ந்திருக்கிறார்கள். அருகில் கடுமையாகத் தோன்றும் தட்டு தொலைவில் தெளிவாகவும், அருகில் இனிமையாகத் தோன்றும் தட்டு தொலைவில் ஒன்றுமே இல்லாததுபோலவும் கேட்கலாம். ஆகவே ஒரு நண்பரை அடிக்கச் சொல்லிவிட்டு, நான்கு, ஐந்து மீட்டர் தள்ளி நின்று கேளுங்கள். அப்போது தட்டுக்கு முதுகைக் காட்டி நிற்பது இன்னும் நல்லது: எந்தத் தட்டு அடிக்கப்படுகிறது என்று தெரியாமல் கேட்கும்போது, விருப்பமான நிறுவனத்தின் பெயர் காதைத் திசைதிருப்பாது. பெயர் தெரியாமல் கேட்டு, மூன்று முறையும் ஒரே தட்டையே தேர்ந்தெடுத்தால் அந்த விருப்பத்தை நம்பலாம்.

கைப்பேசியில் பதிவு செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. பல கைப்பேசிகள் உரத்த ஒலியைத் தாமாகவே அமுக்கி, மெல்லிய ஒலியைத் தாமாகவே உயர்த்துகின்றன. இதனால் கிராஷின் முதல் வெடிப்பு மழுங்கி, நீட்சி உண்மையில் இருப்பதைவிட நீண்டு தெரியும். இந்தத் தானியக்கத்தை நிறுத்தும் வசதியுள்ள செயலியைப் பயன்படுத்துங்கள், அல்லது சிறிய ஒலிப்பதிவுக் கருவியில் அளவைக் கையால் அமைத்துக்கொள்ளுங்கள். கருவியின் இடமும் அளவும் எல்லாத் தட்டுகளுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

பதிவுகளைத் திரும்பக் கேட்கும்போது ஒலியளவைச் சமப்படுத்துவது அவசியம். ஒரே தரமுள்ள இரண்டு ஒலிகளில் சற்றே உரத்ததைக் காது சிறந்ததாகக் கருதும். ஓரிரு டெசிபல் வேறுபாடே இதற்குப் போதும். உரத்த தட்டு வேண்டும் என்பதே உங்கள் நோக்கமானால் சமப்படுத்தத் தேவையில்லை. நிறத்தை ஒப்பிட வேண்டுமானால் சமப்படுத்திய பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இணையத்தில் உள்ள மாதிரி ஒலிகளைப் பொறுத்தவரை, எந்தத் தட்டு பதிவு செய்யப்பட்டது என்பதே முதல் கேள்வி. சில விற்பனையாளர்கள் கையிருப்பில் உள்ள ஒவ்வொரு தட்டையும் தனித்தனியே எடைபோட்டு, பதிவு செய்து, அதே தட்டையே அனுப்புகிறார்கள். கேட்டுப் பார்க்க வாய்ப்பில்லாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. மற்ற இடங்களில் இருப்பது அந்த மாதிரியின் பொதுவான பதிவு மட்டுமே. அதுவும் நல்ல கூடத்தில், தேர்ந்த ஒலிவாங்கிகளால் எடுக்கப்பட்டது. எடை குறிப்பிடப்படவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். ஒரே தளத்தில், ஒரே அமைப்பில் பதிவான இரண்டு தட்டுகளை ஒப்பிடலாம். வெவ்வேறு தளங்களின் பதிவுகளை ஒப்பிட்டால், அறைகளையும் ஒலிவாங்கிகளையுமே ஒப்பிட்டதாக முடியும்.

காதுக்கு ஓய்வு கொடுங்கள்

அருகிலிருந்து அடிக்கும் கிராஷ் 100 டெசிபலை எளிதில் தாண்டும். அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவனம் 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் எட்டு மணி நேரம் வரைதான் கேட்கலாம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிடமே. ஒப்பீட்டுக்கு இதில் இன்னொரு பாடமும் உள்ளது: களைத்த காது உயர்ந்த அதிர்வெண்களை முதலில் இழக்கிறது, சிம்பலின் உயிரே அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அரை மணி நேரம் அடித்த பிறகு எல்லாத் தட்டுகளும் மந்தமாகத் தோன்றினால் கடையைவிட்டு வெளியேறி, சற்றுநேரம் அமைதியாக இருந்துவிட்டு வாருங்கள். எல்லா அதிர்வெண்களையும் ஏறத்தாழ சமமாகக் குறைக்கும் இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான்களை அணிந்தும் ஒப்பிடலாம்; பஞ்சு அடைப்பான்கள் உயர்ந்த ஒலிகளை விழுங்கிவிடுவதால் ஒப்பீட்டுக்கு உதவா.

பழைய தட்டை வாங்குவதாக இருந்தால்

விளிம்பு முழுவதையும் விரல் நகத்தால் மெல்ல வருடிப் பாருங்கள். நகம் எங்காவது தடுக்கினால் அங்கே வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். விரிசல்கள் விளிம்பிலிருந்து உள்நோக்கியும் வரலாம், கடைசல் வரியோடு வட்டமாகவும் ஓடலாம். இரண்டாவது வகை கண்ணுக்கு எளிதில் படாது. நடுத்துளையையும் பாருங்கள். உறையில்லாத கம்பியில் நெடுநாள் தொங்கிய தட்டின் துளை ஒரு பக்கமாகத் தேய்ந்து சாவித்துளை வடிவமாகியிருக்கும். அதன் முனையிலிருந்தும் விரிசல் தொடங்கும். அடிக்கும்போது நீட்சி திடீரென அறுபட்டாலோ, அடங்கும் வேளையில் காகிதம் அதிர்வதுபோல் கிரீச்சிட்டாலோ, கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருப்பதாகவே கொள்ளுங்கள். அழுக்கும் மங்கிய நிறமும் குறைபாடுகள் அல்ல. ஆனால் பளபளப்புக்காக இயந்திரத்தால் தேய்த்து மெருகிட்ட பழைய தட்டுகளிடம் எச்சரிக்கையாக இருங்கள்: உலோகம் எவ்வளவு போயிற்று என்பது யாருக்கும் தெரியாது.

இரண்டாவது கிராஷைச் சேர்க்கும்போது

ஒரே ஒரு கிராஷ் மட்டுமே வாங்குவதாக இருந்தால், நடுத்தர மெல்லிய வகையில் 18 அங்குலத்தைப் பரிந்துரைப்பேன். மென்மையாகவும் உரக்கவும் வாசிக்க அது இடம் கொடுக்கும், தேவைப்பட்டால் அதன்மேலேயே தாளமும் வாசிக்கலாம். இரண்டாவதை வாங்கப் போகும்போது முதலாவதைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். தனியாகக் கேட்கையில் மிகச் சிறந்ததாகத் தோன்றும் தட்டு, ஏற்கெனவே உள்ளதோடு சேரும்போது அதன் நகலாகவோ, அதற்குச் சற்றும் ஒவ்வாததாகவோ இருக்கலாம்.

இரண்டையும் அருகருகே மாட்டி, ஒன்றன்பின் ஒன்றாகவும், ஒரே நேரத்திலும் அடித்துப் பாருங்கள். சுருதி வேறுபாடு தெளிவாகத் தெரிய வேண்டும். விரியும் வேகமும் அடங்கும் நேரமும் ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும். 16, 18 என்ற இணை பொதுவாக இதற்குப் பொருந்தும் என்றாலும், 16 கனமாகவும் 18 மெல்லியதாகவும் இருந்தால், சிறியது கத்திக்கொண்டிருக்கும்போது பெரியது அடங்கிவிடும். 16, 17 என்று ஓர் அங்குல வேறுபாட்டில் வாங்குபவர்கள் எடையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கனமான 17, மெல்லிய 16இன் அருகே மேலான சுருதியில் ஒலிப்பதும் நடக்கும். அங்குலத்தைப் பார்த்துப் பெரியதே தாழ்வாக ஒலிக்கும் என்று முடிவுகட்டிவிடக்கூடாது.

வாங்கிய அன்றே தட்டின் எடையையும் விட்டத்தையும் வரிசையின் பெயரையும், வரிசை எண் பொறிக்கப்பட்டிருந்தால் அதையும் குறித்து வையுங்கள். அச்சிட்ட முத்திரை வாசிக்க வாசிக்கத் தேய்ந்து போகும். பின்னாளில் தட்டு விரிசல்விட்டு அதே ஒலியைத் தேட நேர்ந்தால், அந்த எடையிலிருந்து 30 கிராமுக்குள் இருக்கும் தட்டுகளை மட்டும் கேட்டுப் பார்த்தால் போதும். நான்கு பக்கச் சோதனையின் பதிவையும் அதோடு சேர்த்துச் சேமித்து வைத்தால், புதிய தட்டை எதனோடு ஒப்பிடுவது என்ற கேள்வியும் எழாது.